வாரிசும் வழிகாட்டியும்: சோழமண்டலக் கரையில் ஷைகைத் தேடிய வரலாறு

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஷஅபான் மாதத் தேர்வுகள் முடிந்து மாணவர்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு மாலையில், வெள்ளாற்றங்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த மாணவர் ஒருவர் என் அறை வாயிலில் வந்து நின்றார். அவர் கையில் பச்சைத் துணியில் சுற்றிய நீண்ட தாளொன்று இருந்தது. அவருடைய பாட்டனார் இளமையில் பைஅத் செய்தபோது பெற்ற ஷஜரா அது. "ஹஜ்ரத், நன்னா ஒரு ஷைகிடம் கை கொடுத்தார்கள். அத்தா அந்த ஷைகின் மகனாரிடம் கை கொடுத்தார்கள். இப்போது பேரர் ஊருக்கு வருகிறார். நானும் பைஅத் செய்ய வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். அவர் நல்லவர்தாம், ஆனால் மார்க்கம் ஓதியவரல்லர். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்தால் நன்னா செய்த பைஅத்தை முறித்தவனாகி விடுவேனா?" என்று கேட்டார்.

இவ்வினாவுக்கு ஒரே சொல்லில் விடை கூறி அனுப்பியிருக்கலாம். ஆனால் அதே வாரத்தில் மற்றொரு மாணவர், குர்ஆனும் ஹதீஸும் அச்சில் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போது ஷைகு என்று ஒருவர் எதற்கு, இதெல்லாம் பரம்பரைப் பிழைப்பன்றி வேறென்ன என்று வகுப்பிலேயே வாதிட்டிருந்தார். ஒருவர் மரபை மீற அஞ்சினார். மற்றவர் மரபை அறுத்தெறிய விழைந்தார். எனினும் இருவரும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர். ஆன்மிக வழிகாட்டல் என்பது தந்தையிடமிருந்து மகனுக்கு, வீட்டையும் நிலத்தையும் போல இறங்கி வருவதே நம் மரபு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. உண்மையில் நம் முன்னோர் அப்படித்தான் கருதினார்களா? கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட நம் பகுதியின் வரலாற்றைப் பார்த்தாலே இதற்கு விடை கிடைக்கும் என்பது என் துணிபு.

வெள்ளாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டையிலிருந்து தொடங்குவோம். போர்த்துக்கீசியர் இதனைப் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூது பந்தர் என்றனர். ஒல்லாந்தரும் டேனியரும் ஆங்கிலேயரும் பண்டகசாலை வைத்துப் போட்டியிட்ட துறைமுகம் இது. 1781இல் ஹைதர் அலீக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் நடந்த போரால் இன்றைய பாடநூல்களில் இவ்வூருக்கு இடம் கிடைத்திருக்கிறது. தமிழிலக்கியத்தில் அதற்குரிய இடமோ இதனினும் பெரிது. 5027 விருத்தங்களைக் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப்புலவர் பாடியதற்கு, கீழக்கரை வள்ளல் சீதக்காதிக்குப் பின் கொடை தந்து துணைநின்றவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். புலவர் தம் காப்பியத்துள்ளேயே அவரை நன்றியோடு நினைவுகூர்கிறார்.

அக்காப்பியம் தோன்றிய கதையை நம்மவர் பலரும் அறிவர். ஆயினும் அதனை இவ்வினாவோடு இணைத்துப் பார்த்தவர் குறைவு. சீதக்காதியின் தூண்டுதலால் உமறுப்புலவர், அண்ணலெம்பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடுதற்கு வேண்டிய உரைப்பொருளைப் பெற, கீழக்கரையில் வாழ்ந்த மாமேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை (1632–1703) நாடிச் சென்றார். அன்னாரோ புலவரின் தோற்றத்தையும் உடையையும் கண்டு, இப்பணிக்கு உரியவர் இவரல்லர் என மறுத்துவிட்டார்கள். பின்னர் கனவில் கிடைத்த குறிப்பால் மனம் இரங்கினார்கள். அப்போதும் அவர்கள் புலவரைத் தம்மிடமே இருத்திக்கொள்ளவில்லை. பரங்கிப்பேட்டையில் இருந்த மாமு நெய்னா லெப்பை எனும் ஆலிமிடம் சென்று உரை கேட்குமாறு பணித்தார்கள் என்பது வழிவழி வரும் செய்தி.

செவிவழி மரபின் ஒவ்வோர் இழையையும் ஆவணம் கொண்டு நிறுவ இயலாது. ஆனால் ஒரு சமுதாயம் முந்நூறு ஆண்டுகளாக ஒரு கதையை எவ்வாறு சொல்லி வந்திருக்கிறது என்பதும் வரலாற்றுச் சான்றே. இக்கதையில் நாடிச் சென்றவர் மாணவர். ஆசிரியர் அவரைத் தேடி வரவில்லை. ஆசிரியருக்கு மறுக்கும் உரிமை இருந்தது. மறுத்ததைத் திருத்திக்கொள்ளும் பணிவும் இருந்தது. தம்மைவிட இவருக்கு ஏற்றவர் வேறொருவர் என்று கண்டபோது, தம் புகழ் குறையுமே என்று எண்ணாமல் கீழக்கரையிலிருந்து பரங்கிப்பேட்டைக்கு வழி சொல்லி அனுப்பும் பெருந்தன்மையும் இருந்தது. குருதியுறவு இக்கதையில் எங்கும் தலைகாட்டவில்லை. ஸதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் புலமையை ஐயுற எவருக்குத் துணிவுண்டு? ஆயினும் அன்னார் இன்னொருவரைச் சுட்டினார்கள். இன்று தம் முரீதை மற்றொரு ஷைகிடம் அனுப்பும் ஷைகுமார் எத்தனை பேர் என்று நாம் கேட்டுக்கொள்ளலாம்.

நாகூர் ஆண்டவர் என மக்கள் அழைக்கும் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் வரலாறும் இதையே காட்டுகிறது. வடநாட்டு மாணிக்கப்பூரில், கௌதுல் அஃலம் அவர்களின் வழித்தோன்றல்களான ஸையிதுக் குடும்பத்தில் அன்னார் பிறந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. வழிகாட்டல் பிறப்பால் வருவதென்றால், அவர்களைவிட அதற்கு உரிமையுடையவர் யார்? ஆனால் அவர்களோ இளம்பருவத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டு, குவாலியருக்குச் சென்று, ஷத்தாரி ஷைகு முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பல ஆண்டுகள் பணிவிடை செய்து பயிற்சி பெற்றார்கள். பின்னர் நாகூரில் அடங்கப்பெற்ற அன்னாரின் தர்காவை, வளர்ப்பு மகனாரான யூசுப் சாகிபு அவர்களின் வழித்தோன்றல்கள் பராமரித்து வருகின்றனர். தர்காவின் சாவி குடும்பத்தில் தங்கியது, அது இயல்பானதே. ஆனால் அந்த இறைநேசர் வழிகாட்டலைப் பெற்ற முறை குடும்பத்தில் தங்குவதன்று. ஊர் விட்டு ஊர் சென்று தேடிப் பெறுவது.

இவ்விரண்டையும் பிரித்தறியாமையே இன்றைய குழப்பத்தின் வேர். அடக்கத்தலத்தைக் காப்பதும், கந்தூரி நடத்துவதும், வருவோர்க்கு உணவளிப்பதும் ஒரு பணி. ஒரு மனிதரின் உள்ளத்தை ஏற்றுப் பண்படுத்துவது வேறொரு பணி. முன்னதற்கு நாணயமும் பொறுப்பும் போதும். வாரிசுரிமை அதற்கு ஒவ்வாததன்று. சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் ஸையிது ஷா ரஹ்மத்துல்லாஹ் தர்கா இருக்கிறது. மாசிமகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கடலாடச் செல்லும் வழியில் அங்கே நிற்பதும், தர்காவைச் சார்ந்தோர் வரவேற்று மரியாதை செய்வதும் பல தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். இத்தகைய உறவுகளை அறுபடாது காக்கும் ஆற்றல் பரம்பரைக் குடும்பங்களுக்கே உண்டு. புதிதாக வருகிற எந்த நிர்வாகக் குழுவாலும் அதை ஒரே நாளில் உண்டாக்கிவிட முடியாது. ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களும் வக்ஃபுச் சொத்தை நிர்வகிக்கும் முத்தவல்லியையும் ஆன்மிகப் பொறுப்பேற்ற ஸஜ்ஜாதா நஷீனையும் வேறு வேறாகவே கண்டன. ஸஜ்ஜாதா என்பது தொழுகை விரிப்பு. அதன்மேல் அமர்பவருக்கு அவ்வமர்வுக்குரிய தகுதி வேண்டும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. நடைமுறையில் இரண்டு பொறுப்புகளும் பெரும்பாலும் ஒரே குடும்பத்திடம் சேர்ந்துவிட்டதால், நம் மக்கள் சாவி வைத்திருப்பவரையே வழிகாட்டி என்று கொள்ளத் தலைப்பட்டனர்.

ஷைகே வேண்டா என்ற மற்ற மாணவரின் கருத்தும் இன்று நேற்றுத் தோன்றியதன்று. ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில், அதாவது கிறித்து ஆண்டு 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அந்தலூஸில் முஸ்லிம்களிடம் எஞ்சியிருந்த கிரனாடாவில் இதே விவாதம் மூண்டது. ஆன்மநெறியில் செல்வோருக்கு நூல்கள் போதுமா, அல்லது உயிரோடிருக்கும் ஷைகு ஒருவர் கட்டாயமா என்பதில் மக்கள் இரு அணியாயினர். வாக்குவாதம் கைகலப்பு வரை போனது. அல்முவாஃபகாத் எனும் பேர்பெற்ற நூலின் ஆசிரியரான இமாம் ஷாத்திபீ (ரஹ்) இதுபற்றி மொராக்கோவின் ஃபாஸ் நகரத்து அறிஞர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். ஹிகமுக்கு உரை வரைந்த இப்னு அப்பாத் (ரஹ்) அவர்கள் (1333–1390) அளித்த மறுமொழி இன்றும் கற்கத்தக்கது. ஷைகுமாரில் இரு வகையினர் உளர்: கற்பிக்கும் ஷைகு, பயிற்றுவிக்கும் ஷைகு. கற்பிப்பவர் அனைவர்க்கும் தேவை. பயிற்றுவிப்பவரோ உள்ளத்தில் கடும் நோயுடையவர்க்கே இன்றியமையாதவர். இயல்பிலேயே அறிவும் அடக்கமும் வாய்ந்தவர்க்கு அவர் கட்டாயமல்லர் என்பது அவர்கள் கருத்து.

வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் (1332–1406) இதே வினாவுக்காக ‘ஷிஃபாஉஸ் ஸாயில்’ என்று தனி நூலே எழுதினார். இறையச்சத்தோடு கடமைகளைப் பேணி வாழ விழைபவர்க்கு ஷரீஅத்தைக் கற்றாலே போதும். குணங்களைச் செப்பனிட்டு நேர்மையில் நிலைக்க விழைபவர்க்கு ஷைகு இருப்பது நன்று. திரைகள் விலகும் அனுபவத்தை நாடுபவர்க்கோ ஷைகு இன்றேல் அழிவு. இவ்வாறு அவர் படிநிலை வகுத்தார். வழக்காடு மன்றத்தில் அமர்ந்த காழியின் நிதானம் இதில் தெரிகிறது. எல்லார்க்கும் ஒரே விடை என்று அவர் கூறவில்லை; நீ எதை நாடுகிறாய் என்பதைப் பொறுத்தே உனக்கு யார் தேவை என்றார்.

அதே நூற்றாண்டின் முற்பகுதியில், நம் சிதம்பரத்தில், சைவர்களிடையே இதற்கு ஒப்பான ஒரு நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லப்படுகிறது. தில்லைத் தீட்சிதர் குடியில் பிறந்த உமாபதி சிவாச்சாரியார், அக்குடியைச் சாராத மறைஞான சம்பந்தரைத் தம் குருவாகக் கொண்டார். அதனால் தம்மவரால் விலக்கப்பட்டு, ஊருக்கு வெளியே கொற்றவன்குடியில் வாழ்ந்தார் என்பது அம்மரபின் கூற்று. அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் 1313ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இதே மாவட்டத்தில் 1823இல் மருதூரில் பிறந்து, 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையை நிறுவிய இராமலிங்க அடிகளோ மனித குரு எவரையும் கொள்ளாதவராகவே போற்றப்படுகிறார். நம் கொள்கை வேறு, அவர்கள் கொள்கை வேறு. ஒன்றை மற்றொன்றாகக் காட்டுவது என் நோக்கமன்று. ஆனால் குலத்தை விட்டுக் குருவைத் தேடுவதும், காணும் குருவின்றியே வழி நடப்பதும் இந்த மண்ணில் நம் அண்டை வீட்டாரும் எதிர்கொண்ட வினாக்களே. நம் மரபிலும், கண்ணால் காணும் ஷைகு இன்றி அருள் பெற்றோரை, உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் பெயரால் உவைஸிகள் என்றழைக்கும் வழக்கம் உண்டு. அவர்கள் விதிவிலக்கானவர்கள். விதிவிலக்கைக் காட்டி விதியை மறுப்பது ஃபிக்ஹு கற்றவர்க்கு அழகன்று என்று வாதிட்ட மாணவருக்கு நான் சொல்ல நேர்ந்தது.

19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேகமாக மாறியது. நீராவிக் கப்பல்கள் வந்தன. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. பாய்மரக் கப்பலில் பருவக்காற்றை நம்பி ஹஜ்ஜுக்குச் சென்ற நம் கரையோர மக்கள் இப்போது முன்னினும் மிகுதியாக மக்காவை அடைந்தனர். அங்கு பல நாட்டு ஷைகுமாரைக் கண்டனர். மக்காவில் வாழ்ந்த ஷைகு முஹம்மதுல் ஃபாஸீ (ரஹ்) அவர்களின் வழியாக ஷாதுலிய்யா தரீக்கா காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வேரூன்றியது இக்காலத்தில்தான். நூற்றாண்டுகளாகக் காதிரிய்யாவே கோலோச்சிய ஊர்கள் இவை. பாட்டன் காதிரீ, பேரன் ஷாதுலீ என்ற நிலை அங்கு உண்டானது. ஆயினும் எவரும் தம் பாட்டனாரைத் துறந்தவராகக் கருதப்படவில்லை. காதிரிய்யா ராத்திபும் ஷாதுலிய்யா ஹள்ராவும் ஒரே ஊரில் நிலைபெற்றன. ஷைகைத் தெரிந்தெடுக்கும் உரிமை முரீதுக்கு உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அதே காலத்தில் கல்லச்சு இயந்திரங்களும் வந்தன. முன்பு ஷைகின் வாயால் இஜாஸத் பெற்று ஓதிய அவ்ராதுகள் அர்வி எழுத்தில் அச்சாகிக் கடைத்தெருவில் கிடைத்தன. கிரனாடாக்காரர்களின் வினா நம் வீட்டுத் திண்ணைக்கே வந்துவிட்டது.

இம்மாற்றத்தை எதிர்கொண்ட பெரியார்கள் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். கீழக்கரையில் தைக்கா சாகிபு (ரஹ்) அவர்களின் மாணவராகவும் பின்னர் மருமகராகவும் ஆன இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்கள் (1816–1898) ஒரு பக்கம் தரீக்காவின் கலீஃபாவாக விளங்கினார்கள். மறு பக்கம் மத்ரஸா நடத்தி, பெண்களும் எளிதில் அறியும்படி அர்வி மொழியில் சட்டநூல்கள் எழுதினார்கள். தைக்கா சாகிபின் இடத்துக்கு அவர்கள் வந்தது மருமகர் என்பதால் என்று சிலர் கூறுவர். காலவரிசையை நோக்கின் மாணவராய் இருந்து தேர்ந்த பின்னரே மருமகரானார்கள் என்பது விளங்கும். அதே தைக்கா சாகிபிடம் பயின்ற மற்றொருவர், துறவறம் பூண்டு சென்னைத் தண்டையார்பேட்டையில் தங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838). ஓர் ஆசிரியரிடமிருந்து ஒருவர் சட்டநூல் ஆசிரியராகவும், இன்னொருவர் ஞானப்பாடகராகவும் வெளிவந்தனர் என்றால், அந்த ஆசிரியர் தம் அச்சில் எல்லாரையும் வார்க்க முயலவில்லை என்றுதானே பொருள்!

வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத்தை நிறுவிய அஃலா ஹஜ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் (1831–1919) குத்பே வேலூர் அவர்களின் ஆன்மிகத் தொடர்பில் வளர்ந்தவர்கள். நம் பகுதியில், வீராணம் ஏரிக்கரையிலுள்ள லால்பேட்டையில் 1862இல் தோன்றிய மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி, இன்றளவும் ஆலிம்களை உருவாக்கி வருகிறது. ‘ஒளிகளின் ஊற்று’ என்பது அப்பெயரின் பொருள். ஆற்றுநீரும் ஏரிநீரும் பாயும் நெல்வயல்களுக்கு நடுவே எழுந்த கல்விக்கூடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்குமா என்று நான் பலமுறை வியந்ததுண்டு.

மத்ரஸாக்களின் எழுச்சியால் தரீக்காக்கள் தேய்ந்தன என்று எழுதுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெயர்களைப் பாருங்கள். முன்பு ஒரு பெரியவரின் பெயரோடு காதிரீ, ஷாதுலீ, சிஷ்தீ என்ற பட்டங்கள் இணைந்திருந்தன. 20ஆம் நூற்றாண்டில் பாகவி, மன்பஈ என்ற பட்டங்கள் இணைந்தன. பலர் இரண்டையும் தாங்கினர். பட்டமளிப்பு நாளில் மாணவருக்கு வழங்கப்படும் ஸனது என்பதுதான் என்ன? இவரிடம் இவர் கேட்டார், அவரிடம் அவர் கேட்டார் என்று அண்ணலார் (ஸல்) வரை செல்லும் சங்கிலி. ஷஜராவும் சங்கிலியே, ஸனதும் சங்கிலியே. மத்ரஸா செய்த மாற்றம் சங்கிலியை அறுத்ததன்று. அச்சங்கிலியில் சேரும் வாயிலைத் தேர்வுக்கும் உழைப்புக்கும் உரியதாக்கியது. எந்தக் குடியில் பிறந்த ஏழைச் சிறுவனும் ஏழாண்டு ஓதினால் அதில் தன் பெயரைச் சேர்க்கலாம் என்றானது. விவசாயியின் மகனான எனக்கு இது ஏட்டில் படித்த செய்தியன்று.

மரபுவழியே கற்ற ஒருவர் அம்மரபின் வாயிலைத் திருத்தி அமைப்பதை நான் மற்றொரு நாட்டிலும் கண்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில், நைஜீரியாவின் தென்மேற்குப் பகுதியில் வாழும் யொரூபா மக்களின் தொன்மைச் சமயத்தில் இஃபா என்றொரு முறை உண்டு. ‘ஓடு’ எனப்படும் 256 பகுதிகளுக்குரிய பாடல்களைப் பல்லாண்டு மனனம் செய்த ‘பாபலாவோ’ எனும் குருமாரே மக்களுக்கு வழி சொல்வர். 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது. அடிமைகளாகக் கடத்தப்பட்டுக் கியூபாவிலும் பிரேசிலிலும் குடியேற்றப்பட்ட யொரூபாக்களின் வழிவந்தோர், அங்கு உருவான குருவில்லங்களைப் பின்பற்றுவதா, நைஜீரியாவுக்குத் திரும்பிச் சென்று மூல இல்லத்தில் தீட்சை பெறுவதா, பெண்களுக்கு இஃபா தீட்சை உண்டா இல்லையா என்று இன்றும் வாதிட்டுக்கொள்கின்றனர். அவர்களது நம்பிக்கையோடு நமக்கு உடன்பாடில்லை. ஆனால் இடம் பெயர்ந்த மக்கள் வழிகாட்டியைத் தேடும்போது எழும் தவிப்பு, மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம்மவர் அறியாததன்று. 1828க்கும் 1830க்கும் இடையில் சிங்கப்பூரில் நாகூர் தர்காவின் நினைவிடத்தைக் கட்டியவர்கள் அவர்கள்தாமே!

யொரூபாக்களில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். இலோரின் நகரின் உலமாக்கள் வழியில் வந்த ஷைகு ஆதம் அப்துல்லாஹ் அல்இலூரீ (ரஹ்) அவர்கள் (1917–1992) மரபுவழியில் ஆலிமானவர்கள். ஆசிரியரைச் சூழத் தரையில் அமர்ந்து ஓதிய முறையில் குறை கண்டு, 1952இல் அபெயோகுட்டாவில் அரபுக் கல்வி மர்கஸ் ஒன்றைத் தொடங்கி, 1955இல் அதனை லாகோஸை அடுத்த அகேகேக்கு மாற்றினார்கள். வகுப்புப் பிரிவு, பாடத்திட்டம், சான்றிதழ் எல்லாம் அங்கு வந்தன. நைஜீரியாவில் இஸ்லாம் பரவிய வரலாற்றை அரபியில் எழுதி, தம் ஆசிரிய முன்னோரின் பெயர்கள் மறையாதபடியும் செய்தார்கள். லால்பேட்டையைப் பார்த்த கண்ணுக்கு அகேகே அந்நியமாகத் தோன்றாது.

நம் நாட்டில் இதற்குப்பின் வந்த காலம் அத்துணை நிதானமானதன்று. 1920கள் முதல் பா. தாவூத்ஷா அவர்களின் (1885–1969) ‘தாருல் இஸ்லாம்’ இதழ் மூடப்பழக்கங்களைக் கடுமையாகச் சாடியது. அதில் நியாயமான கூறுகள் பல இருந்தன என்பதை இன்று ஒப்புக்கொள்வதில் தவறில்லை. ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெறுவதையே பைஅத் என்று ஆக்கிக்கொண்டோர் அன்றும் இருந்தனர். 1980களிலிருந்து எழுந்த தவ்ஹீத் அமைப்புகள் அச்சாடலை மேலும் முன்னெடுத்து, தரீக்கா என்ற ஒன்றே மார்க்கத்தில் இல்லை என்றன. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு பள்ளிவாசலிலும் தம்பி மற்றொரு பள்ளிவாசலிலும் தொழும் நிலை ஏற்பட்டது. ஒரு தரப்பு போலிகளைக் காட்டி உண்மையை மறுத்தது. மறுதரப்பு உண்மையைக் காட்டிப் போலிகளைக் காத்தது. முன்னோர் இவ்விரண்டுக்கும் இடையே வகுத்து வைத்த அளவுகோலை இரு தரப்பும் மறந்தன.

அந்த அளவுகோல் நம் நூல்களில் மிகத் தெளிவாகவே உள்ளது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) தம் மாணவருக்கு எழுதிய ‘அய்யுஹல் வலத்’ எனும் மடலில், ஆலிம்கள் எல்லாரும் ஷைகாகும் தகுதியுடையோரல்லர் என்கிறார்கள். உலக ஆசையையும் பதவி மோகத்தையும் துறந்து, தாமும் ஒரு தகுதிமிக்கவரைப் பின்பற்றிப் பயின்றவரே ஷைகாவார் என்பது அன்னாரின் நிபந்தனை. தில்லியின் ஷாஹ் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் (1703–1762) ‘அல்கவ்லுல் ஜமீல்’ நூலில் பைஅத் வாங்குபவரிடம் குர்ஆன், ஸுன்னா பற்றிய அறிவும், நேர்மையும் இறையச்சமும், உலகப் பற்றின்மையும், நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் திறமும், ஷைகுமாரோடு நெடுநாள் பழகிய பயிற்சியும் இருத்தல் வேண்டும் என்கிறார்கள். கராமத் வெளிப்படுவதை அவர்கள் நிபந்தனையாக்கவில்லை; பிழைப்புக்கான தொழிலை விடுவதும் நிபந்தனையன்று. தந்தை ஷைகாக இருந்திருக்க வேண்டும் என்பது இப்பட்டியலில் இல்லை. இருந்திருக்கக் கூடாது என்பதும் இல்லை. ஷாஹ் வலியுல்லாஹ் தம் தந்தையாரிடமே பைஅத் செய்து கிலாஃபத் பெற்றவர்கள். மகன் என்பதால் ஒருவருடைய தகுதி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஸூரத்துல் கஹ்ஃபில் வரும் மூஸா (அலை), கிள்ரு (அலை) வரலாற்றை இத்தொடர்பில் எண்ணிப் பார்க்கிறேன். நபியாகிய மூஸா (அலை) கடல்கள் கூடுமிடம் வரை நடந்து சென்று ஆசிரியரைத் தேடினார்கள். உடன் வர அனுமதி கேட்டார்கள். ஆசிரியர் நிபந்தனை விதித்தார். மூன்று நிகழ்ச்சிகளுக்குப் பின் இருவரும் பிரிந்தனர். அப்பிரிவில் பகை இல்லை; ஒருவரை ஒருவர் இழிவுபடுத்தவும் இல்லை. தேடுவதற்கு எவ்வளவு ஒழுக்கம் உண்டோ, பிரிவதற்கும் அவ்வளவு ஒழுக்கம் உண்டு.

இனி அந்த மாணவர் கொண்டுவந்த ஷஜராவுக்கு வருவோம். நான் விடை எதுவும் சொல்லாமல், அதை மேசைமேல் விரித்து, பெயர்களை உரக்கப் படிக்கச் சொன்னேன். கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானீ (ரஹ்) அவர்களின் பெயருக்கு வந்ததும் நிறுத்தி, "இவர்கள் கிலாஃபத் பெற்றது யாரிடம்?" என்று கேட்டேன். "அபூ ஸயீத் முபாரக் (ரஹ்) அவர்களிடம்." "தந்தையா?" "இல்லை ஹஜ்ரத், பக்தாதில் கண்ட ஆசிரியர்." அவருக்கு மேலே அபுல் ஹஸன் ஹக்காரீ, அபுல் ஃபரஜ் தர்தூஸீ, அப்துல் வாஹித் தமீமீ, ஷிப்லீ, ஜுனைது (ரஹ்) என்று பெயர்கள் ஏறின. சில ஷஜராக்களில் அப்துல் வாஹிதுக்கு மேல் அவருடைய தந்தையாரின் பெயர் காணப்படும். இதில் அது இல்லை. ஜுனைதுக்கு மேல் ஸரீ ஸகதீ (ரஹ்). "இவர் ஜுனைதின் தாய்மாமன்" என்று மாணவரே சொன்னார். தாய்மாமனுக்கு மேல் மஃரூஃப் கர்கீ (ரஹ்), கிறித்தவப் பெற்றோருக்குப் பிறந்தவராக வரலாற்றாசிரியர் கூறும் பெரியார்.

மஃரூஃபுக்கு மேல் அத்தாளில் சங்கிலி இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் இமாம் அலீ ரிளா, மூஸா காழிம், ஜஅஃபர் ஸாதிக், முஹம்மது பாகிர், ஜைனுல் ஆபிதீன், ஹுஸைன் என்று தந்தையும் மகனுமாக அலீ (ரலி) வரை சென்றது. இடப்பக்கம் தாவூது தாஈ, ஹபீப் அஜமீ, ஹஸன் பஸரீ என்று ஆசிரியரும் மாணவருமாக அதே அலீ (ரலி) வரை சென்றது. ஹஸன் பஸரீ (ரஹ்) அலீ (ரலி) அவர்களிடம் நேரில் செவியுற்றார்களா என்பதில் ஹதீஸ் கலை வல்லுநரிடையே கருத்து வேறுபாடு உண்டு. செவியுற்றார்கள் என நிறுவ இமாம் ஸுயூத்தீ (ரஹ்) ஒரு சிறு நூலே எழுதினார்கள். அவ்விவாதம் இருக்கட்டும். ஷஜராவை எழுதியவர்கள் இரு கொடிகளையும் ஒரே தாளில் படர விட்டார்கள் என்பதைத்தான் மாணவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே, தாளின் முடிவில், பாட்டனாரின் பெயர் மங்கிய மையில் இருந்தது. அப்பெயரை எழுதியவர் அவருடைய ஷைகு. பைஅத் என்பது ஒருவர் தாமாகச் செய்யும் உடன்படிக்கை. அது அவரோடு நிறைவுற்றது. பேரனுக்கு இறங்கும் கடனன்று என்று சொன்னேன். ஊருக்கு வரும் அப்பெரியவருக்கு ஸலாம் சொல்லி, விருந்தோம்பி, பாட்டனார் காட்டிய மரியாதையைக் காட்டுவதில் குறை வைக்க வேண்டாம் என்றும் சொன்னேன். ஷஜராவை மறுபடி துணியில் சுற்றிக்கொண்டு, ரமளானுக்குப் பின் தமக்கு ஹிகம் நூலை நான் தனியே பாடம் சொல்லித் தர இயலுமா என்று கேட்டார். அந்நூலுக்கு நான் உரியவனல்லன். பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் அதை ஓதிக் கொடுக்கும் முதிய ஆலிம் ஒருவர் இருந்தார். அவருடைய பெயரையும் தெருவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன்.